கணவனின் கையொப்பம்

கணவன் அடிக்கிறான். அடி பொறுக்கமாட்டாத மனைவி வீட்டை விட்டு வெளியேற நினைக்கிறாள். தாய்வீடு அடுத்த தெருவில் இருந்தால் நடந்தே போய்விடுவாள். அடுத்த ஊரில் இருந்தால் பஸ் ஏறிவிடுவாள். ஆனால் அவள் வாழ்வது கடல் கடந்த நாடு. அந்நாட்டில் அவள் தங்கியிருக்கும் உரிமையோ, அதே கணவன் ஒரு படிவத்தில் இடவேண்டிய கையொப்பத்தைப் பொறுத்தது. வாசற்படியைத் தாண்டி மணவாழ்வு முறிந்துவிட்டால், அனுமதியின்றி அந்நாட்டில் தங்கியிருப்பவள் ஆகிவிடுவாள். காவல் நிலையத்துக்குச் சென்றால் தன்னையே பிடித்து அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் வேறு. அங்கே பிறந்த குழந்தை அந்நாட்டுக் குடிமகன், பெற்றவள் அயலாள். “போய்ச் சொல், பார்க்கலாம்! நாளைக்கே உன்னை விமானம் ஏற்றிவிடுகிறேன்” என்று கணவன் சொல்லும்போது அது வெற்று மிரட்டல் அன்று. அவன் கையில் அந்த ஆயுதத்தைக் கொடுத்தது சட்டம்.

கொடுத்த ஆயுதத்தைச் சட்டமே சிறிது சிறிதாகத் திரும்பப் பெற்ற வரலாற்றைத்தான் நாம் இங்கு காணப்போகிறோம். அமெரிக்காவும் இங்கிலாந்தும் இவ்வரலாற்றின் களங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கும் அதில் ஓர் இடம் உண்டென்பது போகப்போகத் தெரியவரும்.

வேர் மிகப் பழையது. இங்கிலாந்தின் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதிய வில்லியம் பிளாக்ஸ்டன், 1765-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலின் முதற்பகுதியில், மணமானபின் கணவனும் மனைவியும் சட்டத்தின் பார்வையில் ஒரே ஆள் என்ற கோட்பாட்டை விரித்துரைத்தார். அந்த ஒரே ஆள் யார் என்று கேட்கவேண்டியதில்லை. மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்க முடியாது. ஒப்பந்தம் செய்ய முடியாது. வழக்குத் தொடுக்க முடியாது. மனைவியை மிதமாக அடித்துத் திருத்தக் கணவனுக்குப் பழைய சட்டம் இடமளித்ததென்றும் அவர் குறித்து வைத்திருக்கிறார். மணமான பெண் தன் சொத்தைத் தானே முழுமையாக வைத்திருக்கலாம் என்ற நிலை இங்கிலாந்தில் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது.

இதைப் படிக்கும் நம்மவர் சிலர், மஹரும் சொத்தும் மனைவிக்கே உரியவை என்று நம் ஷரீஅத் நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்துவிட்டதே என்று பெருமிதம் கொள்ளலாம். கொள்வதில் தவறில்லை. எத்தனை வீடுகளில் அந்த மஹர் உண்மையிலேயே மனைவியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கையும் அவர்கள் கூடவே பார்த்துக்கொண்டால் நல்லது.

சொத்துரிமையில் தளர்ந்த அந்தப் பழைய கோட்பாடு, குடியுரிமையில் புதுவலிமை பெற்றது. அமெரிக்கக் குடிமகனை மணக்கும் அயல்நாட்டுப் பெண் தானாகவே அமெரிக்கக் குடிமகள் ஆவாள் என்று 1855-இல் அந்நாடு சட்டம் இயற்றியது. இது சலுகைபோலத் தோன்றும். 1907-இல் வந்த சட்டம் இதன் மறுபக்கத்தைக் காட்டியது: அயல்நாட்டானை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள். கலிபோர்னியாவில் பிறந்து, ஸ்காட்லாந்துப் பாடகர் ஒருவரை மணந்த எத்தெல் மெக்கன்சி என்ற பெண்மணி வாக்காளராகப் பதிவு செய்யச் சென்றபோது, நீ அமெரிக்கப் பெண் அல்லள் என்று திருப்பி அனுப்பப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1915-இல் நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அயலானை மணந்தது அவருடைய விருப்பம். குடியுரிமை போனது அவ்விருப்பத்தின் விளைவு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபின் 1922-இல் இம்முறை மாற்றப்பட்டது. ஆனாலும் ஒரு முள்ளை விட்டுவைத்தார்கள். குடியுரிமை பெறத் தகுதியற்ற இனத்தவனை மணந்தவள் குடியுரிமையை இழப்பாள் என்பதே அம்முள். அடுத்த ஆண்டே, பகத்சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கில், இந்தியர் அத்தகுதியற்றவர் என்று உச்ச நீதிமன்றம் முடிவு கட்டியது. விளைவாக, இந்திய விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸின் அமெரிக்க மனைவியான மேரி, பிறந்த மண்ணிலேயே நாடற்றவரானார். இந்த முள் 1931-இல்தான் பிடுங்கப்பட்டது.

குடியுரிமை ஒருவாறு தனித்தனியாயிற்று, குடியேற்றம் ஆகவில்லை. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இத்தனை பேர்தான் வரலாம் என்று வரம்பு கட்டிய 1924-ஆம் ஆண்டுச் சட்டம், குடிமக்களின் மனைவியரை அவ்வரம்பிலிருந்து விலக்கியது. அதற்குக் கணவன் மனுச் செய்யவேண்டும். மனுவைத் தொடங்குகிறவன் அவன். மனு ஏற்கப்படுமுன் திரும்பப் பெறக்கூடியவனும் அவனே. 1952-ஆம் ஆண்டுச் சட்டம் கணவன், மனைவி என்ற வேறுபாட்டை எடுத்துவிட்டு, யார் குடிமகனோ அவரே மனுதாரர் என்றாக்கியது. எழுத்தில் ஆண்பெண் பேதம் மறைந்தது. எனினும் முன்னே சென்று வேலை தேடிக்கொள்பவர் பெரும்பாலும் ஆண். பின்னே அழைக்கப்படுபவர் பெரும்பாலும் பெண். ஆகவே கையொப்பம் பழைய கையிலேயே இருந்தது.

1986-இல் நிலைமை மேலும் இறுகிற்று. குடியேறுவதற்காகவே பொய்த் திருமணங்கள் நடக்கின்றன என்ற கூச்சல் அப்போது எழுந்தது. நூற்றுக்கு முப்பது திருமணங்கள் ஐயத்துக்குரியவை என்று குடியேற்றத் துறையே நாடாளுமன்றத்தில் கூறியது. அதிகாரிகளின் ஐயத்தை எண்ணிய கணக்கேயன்றி, மெய்ப்பிக்கப்பட்ட மோசடியை எண்ணிய கணக்கு அன்று அது என்பது பின்னர்தான் வெளிப்பட்டது. அதற்குள் சட்டம் வந்துவிட்டது. மணமாகி ஈராண்டு நிறையாத தம்பதியரில் அயல்நாட்டவருக்கு முதலில் கிடைப்பது நிபந்தனைக்குட்பட்ட குடியிருப்பு உரிமை மட்டுமே. ஈராண்டு முடியும் தறுவாயில், கடைசித் தொண்ணூறு நாட்களுக்குள், கணவனும் மனைவியும் கூட்டாக மனுச் செய்து, கூட்டாகவே அதிகாரி முன் தோன்றவேண்டும். தவறினால் உரிமை தானாகவே முடிந்துவிடும்.

இரண்டு ஆண்டுகள்! மணவாழ்வின் முதல் ஈராண்டை இவ்வாறு ஒருவன் கையில் முழுமையாக ஒப்படைத்தால் என்ன நேரும் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் சிந்திக்கவில்லை எனலாம். விதிவிலக்குகள் இரண்டு வைத்திருந்தார்கள். நாடு கடத்தினால் மிகக் கடுமையான துன்பம் விளையும் என்று காட்டுவது ஒன்று. மற்றொன்று விநோதமானது: மெய்யான எண்ணத்தோடு நடந்த திருமணத்தை, தக்க காரணத்துக்காக, அந்த அயல்நாட்டுத் துணையே முன்வந்து முறித்திருக்கவேண்டும். கணவன் முந்திக்கொண்டு விவாகரத்து வழக்குப் போட்டுவிட்டால் அவளுக்கு அவ்வழியும் அடைபட்டது. ஆங்கிலம் அறியாத, கையில் காசில்லாத, வீட்டினுள் பூட்டப்பட்ட பெண் வழக்கறிஞரைத் தேடுவதில் கணவனை முந்தவேண்டும் என்று எதிர்பார்த்த சட்டத்தை என்னென்பது!

பெண்கள் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் எழுப்பிய குரலால் 1990-இல் முதல் விடுவிப்பு கிடைத்தது. அடிக்கோ மிகுந்த கொடுமைக்கோ ஆளானவர், கணவனின் கையொப்பமின்றித் தனியாகவே நிபந்தனையை நீக்கக் கோரலாம் என்று அவ்வாண்டின் சட்டம் சொல்லிற்று. யார் முதலில் வழக்குப் போட்டார் என்ற கேள்வியும் ஒழிந்தது. ஆனால் நாடாளுமன்றம் ஒரு கையால் கொடுத்ததை அலுவலகம் மறு கையால் பிடித்துக்கொண்டது. உடற்காயம் இல்லாத மனக்கொடுமை என்றால், உரிமம் பெற்ற மனநல வல்லுநரின் சான்று கட்டாயம் வேண்டும் என்று குடியேற்றத் துறை 1991-இல் விதி வகுத்தது. புகலிட விடுதியில் ஒரு பையோடு வந்து நிற்பவள் மனநல வல்லுநருக்கு எங்கே போவாள்?

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றும் இருந்தது. நிபந்தனை அட்டையாவது பெற்றவளுக்கே 1990-ஆம் ஆண்டுச் சட்டம் பயன்பட்டது. கணவன் மனுவே போடாமல், போடுகிறேன் போடுகிறேன் என்று ஆண்டுக்கணக்கில் ஆசை காட்டி அடக்கி வைத்திருந்தால்? பூட்டி வைப்பதற்கு அட்டையைக் கொடுப்பதைவிடக் கொடாமலிருப்பதே அவனுக்கு வசதி. அத்தகையவளுக்குச் சட்டத்தில் எவ்விடமும் இல்லை.

அவ்விடத்தை உண்டாக்கியது 1994-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன் கையெழுத்திட்ட பெண்களுக்கெதிரான வன்முறைச் சட்டம். அன்று செனட்டராயிருந்த ஜோ பைடன் 1990-இலேயே கொண்டுவந்து, நான்காண்டுகள் இழுபட்ட மசோதா அது. அதன் குடியேற்றப் பகுதி முதன்மையாகச் செய்த செயல் ஒன்றுதான். ஆனால் எழுபதாண்டுக் கட்டை அது அவிழ்த்தது. அமெரிக்கக் குடிமகனாலோ நிரந்தரக் குடியிருப்பாளராலோ கொடுமைக்குள்ளான துணையும் பிள்ளைகளும் தமக்காகத் தாமே மனுச் செய்துகொள்ளலாம். அவனுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. அவன் கையொப்பம் வேண்டியதில்லை. மனைவியால் துன்புறும் கணவனுக்கும் இதே உரிமை உண்டு; சட்டத்தின் பெயர்தான் பெண்களைச் சுட்டுகிறது. மனநல வல்லுநர் விதிக்கும் முடிவு வந்தது. நம்பத்தக்க எச்சான்றாயினும் அதிகாரி கருத்தில் கொள்ளவேண்டும் என்று சட்டமே கட்டளையிட்டது. காவல்துறையின் அறிக்கை இருந்தால் நன்று. இல்லையேல் அண்டை வீட்டாரின் வாக்குமூலம், மருத்துவமனைச் சீட்டு, புகைப்படம், விடுதிப் பணியாளரின் கடிதம் எதுவும் எடைபோடப்படும்.

அடிபட்டவள் ஆதாரத்தைச் சேர்த்துவைக்கிறவள் அல்லள், மறைத்துவைக்கிறவள். காயத்தை முக்காட்டால் மறைத்து, படியில் விழுந்துவிட்டேன் என்று உறவினரிடம் சொல்லிப் பழகியவள். அவளிடம் போய்ப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கேட்பதுபோல் சான்று கேட்கலாகாது என்பதை ஒரு நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்டதே நம் கருத்தில் இதன் மிகப் பெரிய சிறப்பு. மணம் மெய்யானது என்றும், அவனுடன் சேர்ந்து வாழ்ந்தாள் என்றும், நன்னடத்தை உடையவள் என்றும் அவள் காட்டவேண்டியது இன்றும் உண்டு. மனுக்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடப்பதும் உண்டு.

1996-ஆம் ஆண்டு, அயலாருக்கு எதிராக அமெரிக்கா மிகக் கடுமையாக நடந்துகொண்ட ஆண்டு. அரசு உதவிகள் வெட்டப்பட்டன. நாடு கடத்தல் எளிதாக்கப்பட்டது. வியப்பு என்னவெனில் அதே கடுஞ்சட்டத்தின் ஒரு மூலையில் ஒரு பாதுகாப்பும் நுழைந்திருந்தது. கொடுமை செய்தவன் தரும் தகவலை மட்டும் வைத்து அவளுக்கு எதிராக முடிவெடுக்கக்கூடாது. அவள் மனுச் செய்திருக்கிறாள் என்ற செய்தியையே வெளியிடக்கூடாது. மீறும் அலுவலருக்கு 5,000 டாலர் வரை அபராதம். மனைவி வெளியேறிய மறுநாள் குடியேற்ற அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, அவள் பொய்க்காரி, என்னை ஏமாற்றி மணந்தவள் என்று காட்டிக்கொடுக்கும் கணவன்மார் எத்தனை பேர் இருந்திருந்தால் இப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கும்!

2000-இல் இன்னும் சில முடிச்சுகள் தளர்ந்தன. மிகக் கடுமையான துன்பத்தைத் தனியே மெய்ப்பிக்கவேண்டும் என்ற நிபந்தனை நீங்கியது. விவாகரத்தாகி ஈராண்டுக்குள், அம்முறிவுக்கும் கொடுமைக்கும் தொடர்பு இருந்தால், மனுச் செய்யலாம் என்றாயிற்று. கணவனுக்கு முன்பே வேறு மனைவி இருப்பதை அறியாமல் மணந்து, அதனால் தன் திருமணமே செல்லாது என்று பின்னர் அறிந்து திகைக்கும் பெண்ணையும் அவ்வாண்டுச் சட்டம் கைவிடவில்லை. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம், அமெரிக்கக் குடிமகனான பிள்ளையால் கொடுமைப்படுத்தப்படும் பெற்றோருக்கும் தாமே மனுச் செய்யும் உரிமையைத் தந்தது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அழைத்துவரப்பட்டு, பாஸ்போர்ட்டைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சமையற்கட்டில் அடைபட்ட முதியவரை நம்மவர் கற்பனையில் காணவேண்டியதில்லை.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். அந்நாட்டுக் குடியேற்றத் துறை நம் நாட்டுப் பெண்களை எவ்விதம் நோக்கிற்று என்பதற்கு 1979-இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நடந்த ஒன்றே போதும். மணம் செய்துகொள்ள வந்த இந்தியப் பெண் ஒருவரைக் கன்னியா என்று உடற்சோதனை செய்தார்கள். செய்தி வெளியாகி உலகமே தலைகுனிந்தபின் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. அதே 1979-இல், பஞ்சாபியர் நிறைந்த லண்டன் சவுத்தாலில், ஆசிய, ஆப்பிரிக்க–கரீபியப் பெண்கள் சிலர் கூடி சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினர். அவர்களிடம் உதவி தேடி வந்த பெண்களில் பலர் ஒரு விதியைப் பற்றியே அழுதனர். கணவனோடு ஓராண்டு வாழ்ந்து முடித்தபின்னரே நிலையான உரிமை. அதற்குள் மணம் முறிந்தால் நாடு திரும்பவேண்டும். காரணம் கேட்கப்படமாட்டாது.

அவ்வமைப்பின் நெடுநாளைய போராட்டத்தால் 1999 ஜூனில் ஒரு சலுகை அறிவிக்கப்பட்டது. கொடுமையால் மணம் முறிந்ததென்றால் தங்கலாம். ஆனால் நீதிமன்றத் தடையுத்தரவோ, தண்டனைத் தீர்ப்போ, காவல்துறை எச்சரிக்கையோ சான்றாக வேண்டும். அமெரிக்கா 1994-இலேயே கடந்துவிட்ட படியில் இங்கிலாந்து இடறிற்று. 2002-இல் மருத்துவர், புகலிட விடுதி முதலியோரின் சான்றுகளும் ஏற்கப்பட்டு, சலுகை விதியாயிற்று. காத்திருக்கும் காலமோ மறுபக்கம் நீண்டுகொண்டே போயிற்று: ஓராண்டு 2003-இல் ஈராண்டாயிற்று, 2012-இல் ஐந்தாண்டாயிற்று.

சான்றைவிடக் கொடிய தடை சோறும் கூரையும். இவ்வகை விசாவில் இருப்பவர் அரசு நிதியைத் தொடக்கூடாது என்பது விதி. விடுதிகள் பெரும்பாலும் நடப்பது, தங்குவோருக்கு அரசு தரும் வீட்டு உதவித்தொகையில். அத்தொகைக்கு உரிமையில்லாதவளைச் சேர்த்துக்கொள்ள விடுதிக்கு வழியில்லை. சட்டம், நீ தங்கலாம் என்கிறது. எங்கே என்ற கேள்விக்கு விடையில்லை. 2012 ஏப்ரலில்தான், மனு முடிவாகும் வரை மூன்று மாத காலம் அரசு உதவி பெறலாம் என்ற ஏற்பாடு நிலைபெற்றது.

கணவன் மூலம் பெறும் உரிமை இவ்வாறிருக்க, கணவனுக்கு அஞ்சி ஓடிவந்து அடைக்கலம் கோருவது மற்றொரு வழி. இங்கே 1999-ஆம் ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பு நம் வாசகர்கள் அறியவேண்டிய ஒன்று. பாகிஸ்தானியப் பெண்கள் இருவர், கணவன்மாரால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, நடத்தை கெட்டவர்கள் என்ற பழிக்கும் ஆளாகி, திரும்பிச் சென்றால் உயிருக்கு ஆபத்து என்று முறையிட்டனர். அகதியர் ஒப்பந்தம் இனம், சமயம், அரசியற் கருத்து முதலியவற்றின் பேரால் துன்புறுத்தப்படுவோரையே காக்கிறது. கணவன் அடிப்பது குடும்ப விவகாரம் அன்றோ என்பது அரசின் வாதம். பிரபுக்கள் அதை ஏற்கவில்லை. நாஜி ஆட்சியில் யூதக் கடைக்காரர் ஒருவரைத் தொழிற்போட்டியாளன் தாக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம் என்றார் ஹாஃப்மன் பிரபு. தாக்குபவனின் நோக்கம் வெறும் வியாபாரமாயிருக்கலாம். ஆனால் இவர் யூதர், காவலர் வரமாட்டார் என்ற துணிவில்தானே தாக்குகிறான்? பெண் என்பதனால் அரசு காக்காது என்ற துணிவில் அடிப்பதும் அத்தகையதே என்று சபை கண்டது. கற்புடைய பெண்மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொணராதவனுக்கு எண்பது கசையடி என்று திருக்குர்ஆன் விதித்திருக்க, அப்பழியைக் கணவன்மார் ஆயுதமாக்கிய கதையை ஓர் அயல்நாட்டு மன்றம் கேட்டுத் தீர்க்கவேண்டி வந்ததை நாம் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும்.

அமெரிக்காவில் இவ்வழி இன்னும் கரடுமுரடானது. முன்னாள் போர்வீரனான கணவனின் கொடுமைக்குத் தப்பி குவாத்தமாலாவிலிருந்து 1995-இல் வந்த ரோடி அல்வராடோ என்ற பெண்ணுக்கு 1996-இல் நீதிபதி அடைக்கலம் தந்தார். 1999-இல் மேல்வாரியம் அதைப் பறித்தது. அந்த முடிவை 2001-இல் அட்டர்னி ஜெனரல் நீக்கினார். அதன்பின் கோப்பு பல கைகளுக்குப் போய் வந்தது. 2009 டிசம்பரில்தான் அவருக்கு இறுதியாக அடைக்கலம் கிடைத்தது. 2018-இல் வேறோர் அட்டர்னி ஜெனரல் இக்கதவை ஏறக்குறைய மூடினார். 2021-இல் அடுத்தவர் திறந்தார். அதன் பின்னும் ஊசல் நிற்கவில்லை.

நம் ஊர்ப் பெண்களைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? கணினித் தொழிலுக்காக எச்-1பி விசாவில் அமெரிக்கா செல்லும் இளைஞர்களோடு எச்-4 விசாவில் செல்லும் மனைவியர் பல்லாயிரவர். அவர்களில் பட்டதாரிகளும் பொறியியல் படித்தவர்களும் ஏராளம். ஆயினும் அவ்விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. பச்சை அட்டைக்கான படிகளில் குறிப்பிட்ட நிலையை எட்டியவர்களின் மனைவியருக்கு மட்டும் 2015-இல் விலக்களித்தார்கள். இப்பெண்களில் ஒருத்தி அடிபட்டால் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்கு உதவாது. ஏனெனில் அவள் கணவன் அமெரிக்கக் குடிமகன் அல்லன். நிரந்தரக் குடியிருப்பாளனும் அல்லன்.

அவளுக்கு எஞ்சிய வழிகள் இரண்டு. குற்றத்துக்கு ஆளாகி, விசாரணைக்கு உதவியவர்க்கென 2000-இல் ஏற்பட்ட யு விசா ஒன்று. இதற்குக் காவல்துறையோ அரசு வழக்கறிஞரோ சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். கணவன் கையொப்பம் போய்க் காவலர் கையொப்பம் வந்தது. சட்டம் வந்தபின் விதிகள் வர ஏழாண்டாயிற்று. ஆண்டுக்குப் பதினாயிரம் பேருக்குத்தான் என்ற வரம்பினால், இலட்சத்துக்கு மேற்பட்டோர் வரிசையில் நிற்கின்றனர்.

மற்றொன்று, அவளைப் போன்றவர்களுக்கென்றே செய்யப்பட்டது. எச்-1பி முதலிய விசாக்காரர்களின் கொடுமைக்குள்ளான துணைக்கு வேலை அனுமதி வழங்கலாம் என்று 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. அதைக் கோருவதற்கான படிவத்தை அரசு வெளியிட்டது 2017-இல். பன்னிரண்டு ஆண்டுகள், சட்டம் புத்தகத்தில் இருந்தது. நிரப்புவதற்குத் தாள் இல்லை. படிவம் வந்தபின் கிடைப்பதும் வேலை செய்யும் அனுமதி மட்டுமே. அவள் அந்நாட்டில் தங்கும் உரிமை இன்றும் கணவனின் விசாவோடுதான் பிணைந்து கிடக்கிறது. விவாகரத்து ஆன அன்றே அது அறுந்துவிடும்.